இடிக்கத் தடை, இடிந்து விழத் தடையில்லை

ஸ்பெயினின் கிழக்கே, அரகோன் மாநிலத்துத் தெருவெல் மாவட்டத்தின் ஓரத்தில், கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீட்டர் உயரத்தில் லா இக்லெசுவேலா தெல் சித் என்றொரு ஊர் இருக்கிறது. மக்கள்தொகை ஏறத்தாழ 400. ஊரைச் சுற்றியுள்ள மேட்டு நிலம் முழுக்கக் கற்சுவர்கள். வயலுக்கு எல்லை, சரிவுக்கு அணைப்பு, மந்தை போகும் பாதைக்கு இருபுறமும் தடுப்பு, மழைக்கும் பனிக்கும் மேய்ப்பன் ஒதுங்கக் குடில் என எல்லாமே அந்தந்த நிலத்தில் பொறுக்கிய சுண்ணாம்புக் கல்லால் ஆனவை. சாந்து ஒரு கரண்டிகூடக் கிடையாது. 2002இல் அரகோன் அரசு இந்தச் சாந்தில்லாக் கட்டுமானங்களைப் பாதுகாக்கப்பட்ட பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. 2018 நவம்பரில் யுனெஸ்கோ, ஸ்பெயின் உள்ளிட்ட எட்டு ஐரோப்பிய நாடுகளின் பெயரில், சாந்தில்லாமல் கல் அடுக்கும் கலையை மனிதகுலத்தின் மரபுப் பட்டியலில் சேர்த்தது. 2024இல் இன்னும் ஐந்து நாடுகள் அதில் இணைந்தன. பட்டங்களுக்குக் குறைவில்லை. சுவர்கள் மட்டும் விழுந்துகொண்டே இருக்கின்றன. யாரோ சட்டத்தை மீறியதால் விழுகின்றன என்றால் போலீசையோ நீதிமன்றத்தையோ நாடலாம். இங்கே அதற்கும் வழியில்லை. சட்டம் எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கப்பட்டாலும் இந்தச் சுவர்கள் விழும். ஒரு கோபுரத்தைக் காக்க எழுதிய சட்டத்தைக் கொண்டு ஒரு வரப்பைக் காக்க முயல்வதுதான் கோளாறு.

இது ஏன் என்று புரிய, அந்தச் சுவர் எப்படி நிற்கிறது என்று பார்க்க வேண்டும். தூரத்திலிருந்து ஒற்றைச் சுவராகத் தெரிவது உண்மையில் இரண்டு சுவர்கள். முன்முகம் ஒன்று, பின்முகம் ஒன்று; நடுவே சில்லுக்கல் நிரப்பியிருக்கும். இரு முகங்களும் மேலே போகப்போக ஒன்றை நோக்கி ஒன்று லேசாகச் சாய்கின்றன. ஒவ்வொரு கல்லையும் அதன் நீளவாக்கு சுவருக்குள் போகும்படி வைப்பார்கள். பார்வைக்குத் தெரிவது அதன் தலை மட்டும்தான். கீழே இரண்டு கல் சேரும் சந்தின் மேல் ஒரு கல் உட்கார வேண்டும். சந்துக்கு நேர்மேலே சந்து வந்தால் அங்கேதான் சுவர் பிளக்கும். இந்தப் பகுதியில் உச்சியில் பட்டைக்கற்களைப் படுக்கப் போடாமல் புத்தக அலமாரியில் புத்தகம் நிறுத்துவதுபோல நெட்டுக்குத்தாக வரிசையாய்ச் செருகுகிறார்கள். அந்த எடை கீழுள்ள இரு முகங்களையும் அழுத்திப் பிடிக்கும். தாண்ட நினைக்கும் ஆட்டுக்கும் அந்த விளிம்பு பிடிக்காது. குடில்களில் இதே அறிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஒவ்வொரு சுற்றும் கீழ்ச்சுற்றைவிடச் சற்றே உள்ளே நீட்டிக்கொண்டு வந்து, கடைசியில் ஒரே கல்லில் கூரை மூடிக்கொள்ளும். மரச்சட்டம் இல்லை, முட்டுக்கால் இல்லை. இதைச் செய்பவருக்கு அங்கே பரேதாதோர் என்று பெயர். சுவர்க்காரர் என்று சொல்லலாம். வரைபடம் எதுவும் அவர் வைத்துக்கொள்வதில்லை. கையில் எடுத்த கல்லை எந்தப் பக்கம் திருப்பினால் எங்கே உட்காரும் என்று அவர் கைக்குத் தெரியும்.

சாந்து இல்லாதது இந்தச் சுவரின் குறையல்ல, அதன் வேலையே அதுதான். சரிவில் நிற்கும் அணைப்புச் சுவருக்குப் பின்னால் மழைநீர் சேர்ந்தால், ஈர மண்ணின் பளு எந்தச் சுவரையும் தள்ளிவிடும். சந்துகள் திறந்திருப்பதால் தண்ணீர் வடிந்துவிடுகிறது, மண் தங்கிவிடுகிறது. நல்ல எண்ணத்தோடு ஒருவர் வந்து முகப்பில் சிமெண்டு பூசினால் என்ன ஆகும்? சில ஆண்டுகள் சுவர் கச்சிதமாகத் தெரியும். பிறகு வயிறு தள்ளும். அதன் பிறகு ஒரே மழையில் மொத்தமாகச் சாயும். பூசாத சுவரோ இப்படி ஒரேயடியாக விழுவதில்லை. வேர் ஒன்று நுழையும், காட்டுப்பன்றி அடியைக் கிளறும், உச்சிக்கல் நான்கு உருளும். அந்த வாரமே யாராவது எடுத்து வைத்தால் அரைமணி வேலை. வைக்காவிட்டால் அடைப்பாக இருந்த சில்லுக்கல் சரிந்து வெளியேறும், பக்கத்துக் கற்களுக்குத் தோள் கொடுக்க ஆளில்லாமல் போகும், உடைப்பு இருபுறமும் அகலும். அதன் வழியே மண் ஓடிய பிறகு சுவரைத் திரும்பக் கட்டினாலும் அணைத்துப் பிடிக்க மண் இருக்காது. ஆக, இந்தச் சுவர் ஒருமுறை கட்டி முடித்த பொருள் அல்ல. ஆண்டுதோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பக் கட்டப்படுவதால்தான் அது சுவராக இருக்கிறது.

நூற்றாண்டுக்கணக்காக அந்த அரைமணி வேலையைச் செய்ய ஆள் இருந்தது. மாயெஸ்த்ராஸ்கோ என்ற இந்த மலைவட்டாரம் கம்பளிக்குப் பேர்போனது. 14ஆம் நூற்றாண்டின் இறுதியில் இத்தாலியின் பிராத்தோ நகரத்து வணிகர் பிரான்செஸ்கோ தாத்தீனியின் ஆட்கள் இந்த மலையடிவாரச் சந்தைகளுக்கு வந்து கம்பளி கொள்முதல் செய்தார்கள். கோடையில் மலைக்கும் குளிர்காலத்தில் கடற்கரைக்கும் போய்வந்த மந்தைகள் வழியிலுள்ள பயிரில் வாய் வைக்கக் கூடாது என்பதற்காகவே பாதையின் இருபுறமும் சுவர் எழுந்தது. இப்போது நாம் பார்க்கும் சுவர்களில் பெரும்பகுதி பிற்காலத்தவை, 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. மக்கள் பெருகி, மேய்ச்சல் கரடுகளும் உழவுக்கு வந்த காலம் அது. 1855இல் மதோஸ் கொண்டுவந்த சட்டத்தின்கீழ் ஊர்ப்பொது நிலங்கள் ஏலத்துக்கு வந்தன. வாங்கியவர்கள் தங்கள் பங்கைச் சுவரெழுப்பி வளைத்தார்கள். உழவுக்கு இடைஞ்சலான கல்லைப் பொறுக்கி ஓரத்தில் போட்டாக வேண்டும், போடும் கல்லையே சுவராக அடுக்கினால் எல்லையும் கிடைக்கும், மண்ணும் தங்கும். கழிவையே கட்டுமானமாக்கிய கணக்கு இது. பிறகு 1950களிலிருந்து பார்சலோனா, வாலென்சியா, சரகோசா ஆலைகள் அழைத்தன. 1900இல் ஏறக்குறைய 2,46,000 பேர் வாழ்ந்த தெருவெல் மாவட்டத்தில் இன்று சுமார் 1,34,000 பேர். சதுர கிலோமீட்டருக்கு ஒன்பது பேர். எழுத்தாளர் செர்ஹியோ தெல் மோலினோ 2016இல் எழுதிய நூலால் ‘வெற்று ஸ்பெயின்’ என்ற பெயர் பரவியது. 2019 மார்ச் 31இல் மத்ரித் நகரில் ஊர்வலம் போன கிராமத்தவர்கள் அதைச் சற்றே திருத்தி ‘வெறுமையாக்கப்பட்ட ஸ்பெயின்’ என்றார்கள். வெறுமையாக்கியவர் ஒருவர் உண்டு என்ற குற்றச்சாட்டு அந்த வினைச்சொல்லில் இருக்கிறது. அதே ஆண்டு நவம்பர் தேர்தலில் ‘தெருவெல் இருக்கிறது’ என்ற பெயரில் இயங்கிய மக்கள் இயக்கம் நாடாளுமன்றக் கீழவையில் ஓர் இடத்தையும் பிடித்தது. தங்கள் மாவட்டம் இன்னும் இருக்கிறது என்பதையே இயக்கத்தின் பெயராக வைக்கும் நிலை எத்தனை ஊருக்கு வரும்?

இப்போது சட்டத்துக்கு வருவோம். ஸ்பெயினின் 1985ஆம் ஆண்டு மரபுரிமைச் சட்டம் நல்ல சட்டம். மக்கள் வாழ்வியல் சார்ந்த கட்டடங்களையும் அது தனியாகக் குறிப்பிடுகிறது. ஆனால் அதன் மனத்தில் இருப்பது அரண்மனையும் தேவாலயமும்தான். ஒரு பொருளைப் பட்டியலில் ஏற்று, அதை இடிப்பவரையும் மாற்றுபவரையும் தடுத்து, உரிமையாளர் பராமரிக்க வேண்டும் என்று கடமை விதிப்பது அதன் வழி. லா இக்லெசுவேலாவின் நடுவே டெம்ப்ளர் என்ற கிறிஸ்தவப் போர்த்துறவிகள் காலத்துக் கோட்டையின் மிச்சமாக ஒரு கோபுரம் நிற்கிறது. அதற்கு இந்தச் சட்டம் கச்சிதமாகப் பொருந்தும். உரிமையாளர் யார் என்று தெரியும், இடிப்பது கண்ணுக்குத் தெரியும், பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பழுது பார்த்தால் போதும். மலைச்சரிவில் கிலோமீட்டர் கணக்கில் ஓடும் சுவருக்கு உரிமையாளர் யார்? மூன்று தலைமுறைக்கு முன் நகரத்துக்குப் போனவரின் பேரப்பிள்ளைகள் பதினோரு பேர்; அதில் பாதிப்பேருக்கு அந்த நிலம் எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. அவர்களுக்குக் கடமை விதித்து என்ன பயன்? ஐரோப்பிய ஒன்றியத்தின் வேளாண் மானிய விதிகளும் இதே பாட்டைத்தான் பாடுகின்றன. மானியம் வாங்கும் விவசாயி தன் நிலத்திலுள்ள வேலி, மரவரிசை, கல்வரப்பு போன்ற நிலத்தோற்றக் கூறுகளை அகற்றக் கூடாது என்பது நிபந்தனை. அகற்றினால் மானியம் குறையும். தானாக விழுந்தால்? யாரும் அகற்றவில்லையே! புல்டோசரை நிறுத்தும் சட்டத்தால், உச்சியில் உருண்ட நான்கு கல்லை எடுத்து வைக்கும் கையைக் கொண்டுவர முடியாது.

கையைக் கொண்டுவந்த இடமும் ஸ்பெயினிலேயே இருக்கிறது. மயோர்க்கா தீவின் மலைத்தொடரில் சரிவு முழுக்கப் படிப்படியாக எழும் கல்லணைகள் ஆலிவுக்கும் எலுமிச்சைக்கும் மண் பிடித்து வைத்திருக்கின்றன. அவற்றைக் கட்டுபவருக்கு அங்கே மர்ஜேர் என்று பெயர். 1980களில் அந்தத் தொழில் கிழவர்களோடு போய்விடும் என்ற நிலை. அப்போது சோயேர் என்ற சிற்றூரில் இளைஞர்களைக் கூலியோடு பயிற்சியில் சேர்த்தார்கள். பிறகு தீவின் நிர்வாக மன்றம் அதைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டது. பயின்றவர்கள் குழுக்களாகப் போய் உடைந்த பாதைகளையும் படிகளையும் எழுப்பினார்கள். அந்தப் பாதைகளை இணைத்து இன்று நெடுந்தூர நடைவழி ஒன்று ஓடுகிறது. அந்த மலைத்தொடர் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைச் சின்னமானது 2011இல். வரிசையைக் கவனியுங்கள். முதலில் கூலி, அதனால் கை, அதனால் சுவர். பட்டம் வந்து சேர ஏறக்குறைய கால் நூற்றாண்டு ஆனது. மாயெஸ்த்ராஸ்கோவில் பட்டம் முந்திவிட்டது, கூலி இன்னும் சரியாக வந்து சேரவில்லை. மயோர்க்காவிடம் சுற்றுலாப் பணம் இருக்கிறது, தெருவெலிடம் இல்லை என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் பணம் எங்கிருந்து வந்தது என்பது வேறு கேள்வி, எதற்குச் செலவானது என்பது வேறு கேள்வி. தகவல் பலகைக்கும் திறப்பு விழாவுக்கும் போகும் அதே யூரோ, கல் எடுத்து வைப்பவரின் நாள்கூலிக்கும் போகலாம்.

இதையெல்லாம் கேட்டு முகம் சுளிப்பவர்கள் உண்டு. அவர்களின் முதல் கேள்வி கூர்மையானது: இந்தச் சுவர்கள் வறுமையின் குழந்தைகள் அல்லவா? ஒரு முழம் மண்ணுக்காக டன் கணக்கில் கல் சுமந்த தலைமுறை, வாய்ப்பு கிடைத்ததும் ஓடிப்போனது. தப்பித்து ஓடியவர்களின் விலங்கை எடுத்து மாலை போட்டு வணங்குவது நகரத்துக்காரரின் சொகுசுக் கண்ணீர் இல்லையா? இதில் நியாயம் இருக்கிறது. ஒன்றரை மீட்டர் உயரச் சுவருக்கு ஒரு மீட்டர் நீளத்துக்கே ஒரு டன்னுக்கு மேல் கல் வேண்டும். அதைக் கழுதையிலும் முதுகிலும் சுமந்தவர்களை நினைக்காமல் அழகு பேசுவது அநாகரிகம். ஆனால் அவர்கள் வெறுத்தது கல்லையா, கூலியில்லாத உழைப்பையா? சொந்த வயலின் சுவரை எழுப்பியதற்கு அந்தக் காலத்தில் யாரும் காசு தரவில்லை. விளைச்சலில் தேறினால் உண்டு. அதே வேலைக்கு இன்று மாதச்சம்பளமும் காப்பீடும் தந்தால், அது ஒரு கட்டடத் தொழிலாளியின் வேலை. நகரத்தில் சாரத்தின் மேல் நின்று செங்கல் அடுக்கும் ஒருவரை நாம் வறுமையின் சின்னம் என்று சொல்வதில்லை. சுவரைக் காப்பது என்றால் பழைய வாழ்க்கையைத் திரும்பக் கொண்டுவருவது என்று நினைப்பவர்கள், ஆதரிக்கும் பக்கத்திலும் இருக்கிறார்கள், எதிர்க்கும் பக்கத்திலும் இருக்கிறார்கள். இருவருக்கும் ஒரே பிழை.

இரண்டாவது எதிர்ப்பு பசுமைப் பக்கத்திலிருந்து வருகிறது. மனிதர் விட்டுப்போன சரிவில் காடு திரும்பட்டும், அதுவும் நல்லதுதானே என்கிறார்கள். ஸ்பெயினில் கைவிட்ட நிலங்கள் பலவற்றில் பைன் மரமும் புதரும் ஏறிவிட்டது உண்மை. சில சரிவுகளுக்கு அதுவே பொருத்தம் என்பதையும் மறுக்கவில்லை. எல்லாச் சுவரையும் காக்க வேண்டும் என்று கேட்பது வாதம் அல்ல, வேண்டுதல். ஆனால் வயல் காடாக முதிரும் வரை நடுவே உள்ள பத்திருபது ஆண்டுகள், அடர்ந்து காய்ந்த புதரின் காலம். 2023 மார்ச் மாதத்தில், கோடை இன்னும் எட்டிக்கூடப் பார்க்காதபோது, தெருவெல் எல்லையை ஒட்டிய வில்யனுவேவா தே விவேர் ஊரருகே பிடித்த தீ 4,000 ஹெக்டேருக்கு மேல் எரித்தது. கற்சுவர் தீயை நிறுத்தாது. அப்படிச் சொல்பவர்கள் மிகைப்படுத்துகிறார்கள். உழுத துண்டு நிலமும் ஆடு மேய்ந்த புல்வெளியும்தான் தீயின் வேகத்தை உடைக்கும். அந்த நிலம் மண்ணோடு அங்கே இருக்க அணைப்புச் சுவர் வேண்டும், மந்தை சிதறாமல் மேய மறிப்புச் சுவர் வேண்டும். சுவரும் இங்கே ஒரு கருவிதான்; ஏரும் ஆடும் இல்லாத இடத்தில் சுவரை மட்டும் எழுப்புவது வீண்செலவு என்பதை நானே ஒப்புக்கொள்கிறேன். அதனால்தான் பணம் ஒரு நினைவுச் சின்னத் துறையிடமிருந்து வருவதைவிட வேளாண் கணக்கிலிருந்து வருவது மேல். எந்த வயல் உழப்படுகிறது, எந்தக் கரட்டில் மேய்ச்சல் நடக்கிறது என்று அந்தத் துறைக்குத் தெரியும். பயன்படும் சுவருக்குத்தான் காசு போகும்.

மூன்றாவது, செலவு. நானூறு பேர் வாழும் ஊருக்கு இவ்வளவு ஏன் என்று கணக்குப் பார்ப்பவர்கள், மொத்த நீளத்தை மீட்டர் விலையால் பெருக்கி ஒரு பயமுறுத்தும் எண்ணைக் காட்டுவார்கள். அந்தப் பெருக்கலில் ஒரு தவறு உண்டு. விழுந்த சுவரை எழுப்பும் விலை வேறு, நிற்கும் சுவரை நிற்க வைக்கும் விலை வேறு. தேர்ந்த சுவர்க்காரரால் ஒரு நாளைக்குச் சில சதுர மீட்டர்தான் எழுப்ப முடியும். அதே நாளில் பல நூறு மீட்டரை நடந்து பார்த்து, உருண்ட கல்லைத் திரும்பச் செருகிவிடலாம். இங்கிலாந்து அரசு இந்த வேறுபாட்டைப் புரிந்துகொண்டு 2024இல் இரண்டுக்கும் தனித்தனி விலை வைத்தது. இடிந்ததை மீட்டெடுக்க மீட்டர் கணக்கில் மானியம். நிற்பதைப் பேண 100 மீட்டருக்கு ஆண்டுக்கு 27 பவுண்டு. பேணுவதற்குக் காசு தந்த திட்டம் 2025 மார்ச்சில் புதிய விண்ணப்பங்களுக்குத் திடீரென மூடப்பட்டது என்பதையும் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. கஜானாவை நம்பிய சுவருக்குக் கஜானா மூடும் ஆபத்தும் உண்டு. ஆனாலும் விலை வைக்க முடியும், அளக்க முடியும், விவசாயிக்கே கொடுக்க முடியும் என்பதை அது காட்டிவிட்டது. இன்னொன்றையும் கணக்குப் பார்ப்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். கல் வாங்க வேண்டியதில்லை, அது விழுந்த இடத்திலேயே கிடக்கிறது. சிமெண்டு இல்லை, லாரி வாடகை இல்லை. செலவாகும் காசில் ஏறக்குறைய முழுவதும் கூலி. அதைப் பெறுபவர் அந்த வட்டாரத்தில் குடியிருந்தாக வேண்டும். குடியிருந்தால் அவர் பிள்ளைக்குப் பள்ளி வேண்டும், பள்ளிக்கு ஆசிரியர் வேண்டும். ஊரில் ஆள் தங்க என்ன செய்யலாம் என்று மாநாடு நடத்துபவர்கள் இந்தச் சின்னக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

இந்த வட்டாரத்தில் இப்போது சூடாக ஓடும் சண்டை காற்றாலை பற்றியது. மாயெஸ்த்ராஸ்கோவின் மேடுகளில் 125 காற்றாலைகளை நிறுவும் திட்டம் ஒன்று வழக்குகளில் சிக்கிக்கொண்டிருக்கிறது. ‘புதுப்பிக்கத்தக்க ஆற்றல் வேண்டும், இப்படி வேண்டாம்’ என்பது எதிர்ப்பவர்களின் முழக்கம். பெரிய இறக்கைகளை ஏற்றிவரும் வண்டிகளுக்காக அகலப் பாதை வெட்டினால் பழஞ்சுவர்கள் பல உடையும் என்பது அவர்களின் வாதங்களில் ஒன்று. வாதம் சரியானதே. ஆனால் அந்தப் பாதைகள் உடைக்கக்கூடியதைவிடப் பல மடங்கு நீளச் சுவர் எந்த இயந்திரமும் தொடாமலே கடந்த அறுபது ஆண்டில் சரிந்துவிட்டது. அதற்கு எதிராக யாரும் பதாகை பிடிக்கவில்லை. பிடிக்கவும் முடியாது, எதிரே நிற்க ஓர் ஆள் வேண்டுமே. கண்முன் வரும் புல்டோசரை எதிர்க்க நாம் பழகியிருக்கிறோம். வராமல் போன சுவர்க்காரரை எதிர்த்து எந்த நீதிமன்றத்தில் மனுப் போடுவது? பக்கத்து மாவட்டத்து வில்யஃபிராங்கா ஊரில் சாந்தில்லாக் கல்லுக்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. நல்ல முயற்சி, பார்ப்பவர் அறிவு பெறுவார். ஆனால் அருங்காட்சியகம் சொல்லித்தரும் அறிவு கண்ணுக்கானது, சுவருக்கு வேண்டியது கைக்கான அறிவு. அது பக்கத்தில் நின்று வேலை செய்பவரிடமிருந்துதான் வரும். சொல்லித்தரும் கிழவர்கள் இன்னும் எத்தனை பேர் வேலைக்களத்தில் இருப்பார்கள் என்பதைப் பொறுத்து அதற்கு ஒரு கெடுவும் உண்டு.

லா இக்லெசுவேலாவை விட்டுச் சற்று வெளியே, தெல் சித் மாதாவின் சிறு கோயில் இருக்கிறது. அதன் சுவரில் ரோமானியக் காலத்துக் கல்வெட்டுகள் பதிந்திருக்கின்றன. எழுத்துப் பொறித்த கல்லறைக் கற்களை யாரோ எடுத்துவந்து, அளவு பொருந்துகிறதே என்று சுவரில் வைத்துக் கட்டியிருக்கிறார்கள். இன்றைய மரபுரிமை அதிகாரி அருகில் இருந்திருந்தால் தடுத்திருப்பார். தடுத்திருந்தால் அந்தக் கல்வெட்டுகள் வயலில் கிடந்து தேய்ந்து போயிருக்கும். இந்த ஊரில் கல் எப்போதும் எடுத்து வைக்கப்படும் பொருளாகவே இருந்திருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் அடுத்த நிதிச்சுற்று 2028இல் தொடங்க வேண்டும். வேளாண் மானியத்தை எப்படிப் பிரிப்பது என்ற பேரம் இப்போதே நடக்கிறது. ‘அகற்றக் கூடாது’ என்று இருக்கும் அந்த நிபந்தனைக்குக் கீழே, நிற்கும் கல்வரப்பு நூறு மீட்டருக்கு ஆண்டுக்கு இவ்வளவு, எழுப்பிய வரப்பு மீட்டருக்கு இவ்வளவு, பயிற்சியில் சேரும் இளைஞருக்கு மாதம் இவ்வளவு என்று ஸ்பெயின் மூன்று வரி சேர்க்கக் கேட்கலாம். அந்த வரிகள் வந்தால், வசந்தத்தில் பனி உருகியதும் முதல் வேலையாக உடைப்புகளை எண்ணிக்கொண்டு மந்தைப் பாதையில் நடக்க ஓர் ஆளுக்குக் காரணம் கிடைக்கும்.